ஏரிக்கரை வீட்டில் இணைய வலை

கணினி மன்ற உறுப்பினர், பதினொன்றாம் வகுப்பு

முன்னுரை

வலை என்னும் சொல் பழவேற்காட்டுப் பிள்ளைகளாகிய நமக்குப் புதியதன்று. நடை பழகும் வயதிலேயே வலையின் மேல் தவழ்ந்தோம். பள்ளி விட்டு வீடு சென்றால் திண்ணையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கும் தாத்தாவைக் காண்கிறோம். இவ்வலைகளோடு இன்று மற்றொரு வலையும் நம் குப்பங்களுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கண்ணால் காண இயலாது, கையால் தொடவும் இயலாது. ஆயினும் மீனின் விலையும், காற்றின் திசையும், நம் வகுப்புப் பாடமும் அதன் வழியே வீட்டுக்குள் வருகின்றன. அதுவே இணையம்.

கணினி மன்றத்தில் கற்றதையும், வீட்டில் நாள்தோறும் பயன்படுத்தி அறிந்ததையும் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இணையம் எவ்வாறு இயங்குகிறது, மென்பொருள் என்பது யாது, கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கு இவை எவ்வகையில் உதவும், எங்கே உதவாது என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

இரண்டெழுத்தில் தொடங்கிய கதை

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மற்றொரு கணினிக்கு முதன்முதலாக ஒரு சொல்லை அனுப்ப முயன்றனர். ‘லாகின்’ என்பது அச்சொல். ‘எல்’, ‘ஓ’ என்னும் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனையில் இருந்த கணினி நின்றுவிட்டது! பின்னர்ப் பழுதை நீக்கி முழுச் சொல்லையும் அனுப்பினர். ‘அர்ப்பாநெட்’ எனப்பட்ட அந்தச் சிறு வலைப்பின்னலே பிற்கால இணையத்தின் வித்து.

1989ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பார், ஏடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் படிக்கும் ‘வைய விரிவு வலை’ என்னும் ஏற்பாட்டை முன்மொழிந்தார். 1993இல் அந்நிறுவனம் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என உலகுக்கே வழங்கியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை கிடைத்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் முதலாகும். விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் அதைத் தொடங்கிற்று. அந்நாளில் தொலைபேசிக் கம்பியில் ‘மோடம்’ என்னும் கருவியைப் பூட்டி, அது கீச்சிட்டு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இன்று அதே வேலையைச் சட்டைப்பைக்குள் அடங்கும் கைபேசி ஓசையின்றிச் செய்கிறது.

செய்தி வரும் பாதை

கைபேசியில் ஒரு படத்தைக் கேட்கிறோம். அது எப்படி வருகிறது? முழுப் படமாக அது வருவதில்லை. அனுப்பும் கணினி அதைச் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பொதியின் மேலும், எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், எத்தனையாவது பொதி என்னும் குறிப்புகள் எழுதப்படுகின்றன. கரையில் இறக்கிய மீனைக் கூடை கூடையாகப் பிரித்து, அடையாளம் வைத்து, வெவ்வேறு வண்டிகளில் சென்னைக்கு ஏற்றுவது போன்றது இது. ஒரு கூடை பொன்னேரி வழியாகப் போகலாம், மற்றொன்று மீஞ்சூர் வழியாகப் போகலாம். போய்ச் சேர்ந்தபின் வரிசைப்படி அடுக்கிக்கொள்வார்கள். ஒரு பொதி வழியில் தொலைந்தால், அதை மட்டும் மீண்டும் அனுப்பும்படி நம் கைபேசியே கேட்டுப் பெறும்.

இப்பொதிகள் நம் ஊர்க் கைபேசிக் கோபுரம் வரை கண்ணாடி இழைக் கம்பியிலோ நுண்ணலையிலோ வருகின்றன. கோபுரத்திலிருந்து வீட்டுக்கு வானலையாக வருகின்றன. அயல்நாட்டுச் செய்திகளோ பெரும்பாலும் கடலடிக் கம்பிகளின் வழியே வருகின்றன. நம் நாட்டில் இக்கம்பிகள் கரையேறும் முக்கிய நகரங்களுள் சென்னையும் ஒன்று. சென்னைக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி அமைக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. நம் தந்தையர் மீன் பிடிக்கும் இதே வங்கக் கடலின் அடியில், ஒளிக்கீற்றுகளாக மக்களின் பேச்சும் எழுத்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது எத்துணை வியப்பு!

பாடு முறையும் கோபுரமும்

“மாலை நேரத்தில் மட்டும் இணையம் ஏன் நத்தையாக ஊர்கிறது?” என்பது எங்கள் மன்றத்தில் அடிக்கடி எழும் கேள்வி. இதற்கான விடையை நம் ஏரியே நமக்குக் கற்றுத்தருகிறது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை தொன்றுதொட்டு இருந்து வருவதை நாம் அறிவோம். ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சுத்துவலை கட்டினால் எவருக்கும் மீன் கிடைக்காது, சண்டைதான் மிஞ்சும். ஆகவே சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வகுத்துக்கொள்கின்றனர். அயல்நாட்டு ஆராய்ச்சியாளர்களும் வந்து வியந்து எழுதிச் சென்ற முறை இது.

கைபேசிக் கோபுரமும் ஒரு பாடுதான். அதற்கு ஒதுக்கப்பட்ட வானலை அளவானது. ஊரிலுள்ள கைபேசிகள் யாவும் அதையே பகிர்ந்துகொள்ள வேண்டும். எனவே கோபுரத்திலுள்ள கணினி ஒவ்வொரு கைபேசிக்கும் முறை ஒதுக்குகிறது. நான்காம் தலைமுறை வலைப்பின்னலில் இந்த முறை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. பத்துப் பேர் கேட்டால் முறை விரைவில் திரும்ப வரும். மாலை ஏழு மணிக்கு ஊரே படம் பார்த்தால் நம் முறை வரத் தாமதமாகும். மேலும், கோபுரத்திலிருந்து தொலைவில் இருக்கும் கைபேசிக்கு அலை மெலிந்து வருவதால், ஒரே செய்தியை மெதுவாகவும் கூடுதல் பாதுகாப்புக் குறிகளுடனும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

இதை அறிந்தபின் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் ஏற்பட்டது. பாடக் காணொளிகளை மாலையில் பார்ப்பதில்லை. விடியற்காலையில், ஊர் உறங்கும் நேரத்தில், இறக்கி வைத்துக்கொள்கிறேன். அப்போது சில நிமிடங்களில் முடிகிற வேலை, மாலையில் அரை மணியானாலும் முடிவதில்லை.

எழுத்தின் எடை

இணையக் கட்டணம் அளவைப் பொறுத்தது. ஆகவே எது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரிந்துகொள்வது வீட்டுக் கணக்குத் தெரிந்துகொள்வது போல் இன்றியமையாதது.

கணினியில் அளவின் சிறு அலகு ‘பைட்டு’. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் பொதுவாக மூன்று பைட்டு பிடிக்கும். ‘அம்மா’ என்னும் சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டு. இதைக் கேட்டு, தமிழில் எழுதினால் செலவு என்று எவரும் அஞ்ச வேண்டாம். ஆயிரம் குறிகள் கொண்ட நீண்ட கடிதமும் 3,000 பைட்டுதான். கைபேசியில் எடுத்த ஒரு நிழற்படமோ முப்பது இலட்சம் பைட்டுக்கு மேலும் போகும். அதாவது ஒரு படத்தின் இடத்தில் ஆயிரம் கடிதங்கள் அனுப்பலாம்! ஒரு மணி நேரக் காணொளி அதனினும் நூறு மடங்குக்கு மேல்.

ஓரிடத்தில் மட்டும் இந்த எடை நமக்கு இடராகிறது. சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்றில் 140 பைட்டுதான் கொள்ளும். அதில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் எழுதலாம். தமிழிலோ 70 குறிகளே எழுத இயலும். புயல் எச்சரிக்கையை 70 குறிகளுக்குள் எழுத முடியுமா என்று எங்கள் மன்றத்தில் ஒரு பயிற்சி வைத்தோம். “நாளை கடலில் அலை உயரம் 3 மீட்டர் வரை எழும். கடலுக்குச் செல்ல வேண்டாம்.” புள்ளியும் இடைவெளியும் சேர்த்து இதில் 69 குறிகள். ஒரே செய்தியில் அடங்கிவிட்டது. சுருங்கச் சொல்லி விளங்க வைப்பது தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உரியதன்று. ஓர் உயிரைக் காக்கவும் அது தேவைப்படலாம் என்பதை அன்று உணர்ந்தோம்.

அக்கரையிலிருந்து ஒரு கண்

நம் ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று நம் ஊர்களுக்கு அறிவிப்பு வரும். அன்றைய வருமானம் போயிற்றே என்று பெரியவர்கள் வருந்துவதையும், பிள்ளைகள் மாடியேறி நெருப்பு வாலைப் பார்த்து ஆரவாரிப்பதையும் ஒருசேரக் கண்டிருக்கிறோம். அவ்வாறு போன ராக்கெட்டுகளுள் சில, மீனவருக்கே பயன்படும் செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றன என்பது பலருக்குத் தெரியாது. 1999இல் ஓஷன்சாட்-1, 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 23இல் ஓஷன்சாட்-2, 2022ஆம் ஆண்டு நவம்பர் 26இல் இ.ஓ.எஸ்-06 ஆகியவை இங்கிருந்தே ஏவப்பட்டன.

இவை கடலின் நிறத்தை நோக்குகின்றன. கடல் நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளில் பச்சையம் உண்டு. பாசி மிகுந்த இடத்தில் நீரின் நிறம் சற்றே மாறும். பாசியைத் தின்னச் சிற்றுயிர்கள் வரும். சிற்றுயிர்களைத் தின்னச் சிறு மீன்கள் வரும். அவற்றைத் தேடிப் பெரு மீன்கள் வரும். வேறு செயற்கைக்கோள்கள் கடல்மேற்பரப்பின் வெப்பத்தை அளக்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லையில் இரை மிகுந்திருப்பது வழக்கம். இவ்விரண்டு குறிப்புகளையும் ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ஒப்பிட்டு, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களைக் கணித்து அறிவிக்கிறது. கரையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் என்பவை அதில் இருக்கும். அலை உயரம், காற்று வேகம் பற்றிய முன்னறிவிப்பும் அம்மையத்திலிருந்தே வருகிறது.

இதில் ஒரு வரம்பும் உண்டு. மேகம் மூடிய நாளில் செயற்கைக்கோளின் கண்ணும் மறைந்துவிடும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையுள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் இவ்வறிவிப்பு வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது கடலுக்கு உரியது, ஏரிக்கு உரியதன்று. முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மண் மூடிவிட்டதா, இன்று ஏற்றம் எந்நேரம், வாடைக்காற்றில் இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பவற்றுக்கு இன்றும் நம் தாத்தாக்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒலிபெருக்கி காத்த ஊர்

இணையம் மீனவர் குப்பத்துக்கு முதலில் எவ்வாறு வந்தது என்பதை அறிய, நாம் புதுச்சேரிக்குச் செல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கிற்று. வில்லியனூரில் நடுநிலையம் அமைந்தது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில் ஒரு மையம் இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் வெளியாகும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் பெயர்த்து, அதை ஊர் முழுவதும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். அக்காலத்தில் எவர் கையிலும் கைபேசி இல்லை. கணினியைத் தொடத் தெரிந்தவரும் சிலரே. ஆயினும் ஒரு கணினியும் ஓர் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஊருக்கே போதுமானவையாக இருந்தன.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. அந்நாளை நம் கரையில் மறந்தவர் இல்லை. அன்று புதுச்சேரியின் நல்லவாடு என்னும் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியில் சுமத்திராவின் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டாரை எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரும் ஊரை விட்டு வெளியேறுங்கள் என்று கூவினர். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர்.

அன்று இந்தியாவுக்கெனச் சுனாமி எச்சரிக்கை மையம் எதுவும் இல்லை. 2007இல் ஐதராபாத்தில் அது அமைந்தது. நல்லவாட்டிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே: செய்தி உலகில் எங்கோ இருந்தால் மட்டும் போதாது, அது கடைசி வீட்டின் காதில் விழ வேண்டும்.

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால்

இன்று பல மீனவர் கைகளில் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ என்னும் செயலி இருக்கிறது. மேற்சொன்ன ஆராய்ச்சி நிறுவனமே குவால்காம் நிறுவனத்தின் துணையுடன் இதை உருவாக்கிற்று. தமிழிலும் இது இயங்கும். காற்று, அலை, மீன் கூடும் இடம், கடல் எல்லை எச்சரிக்கை, சந்தை விலை ஆகியவற்றை இதில் காணலாம்.

ஆயினும் கைபேசிக் கோபுரத்தின் அலை கரையிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வரையில்தான் எட்டும். அதற்கு அப்பால் கைபேசி வெறும் கடிகாரமே. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. அவர்கள் புறப்பட்டுப் பல நாள்கள் கழிந்தபின் வந்த எச்சரிக்கை அவர்களைச் சென்றடைய வழியில்லாமற் போயிற்று.

அதன்பின் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஜெமினி’ என்னும் சிறு கருவி அறிமுகமானது. அது செயற்கைக்கோளிலிருந்து நேரே எச்சரிக்கையைப் பெற்று, படகிலுள்ள கைபேசிக்குப் புளூடூத் வழியே தருகிறது. கோபுரம் தேவையில்லை. ஆனால் அதில் கேட்கத்தான் முடியும். பதில் சொல்ல முடியாது. பதிலும் அனுப்பக்கூடிய இருவழிக் கருவிகளை ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கரையோர வீடுகளில் அனைவரும் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு: கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் காவலுக்கு 1093.

மென்பொருள் என்னும் மாயக்கை

கணினியின் உடல் வன்பொருள் எனின், அதன் அறிவு மென்பொருளாகும். படகு, இயந்திரம், சுக்கான் ஆகியவை இருந்தாலும், எங்கே திரும்புவது என்று அறிந்த ஆள் இல்லாவிடில் படகு கரை சேருமா? அவ்வாறே கணினிக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதித் தந்தால்தான் அது இயங்கும். அக்கட்டளைத் தொகுப்பே மென்பொருள்.

மென்பொருள்களுள் சில விலை கொடுத்து வாங்குபவை. சில கட்டற்றவை, எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்பதன் கருவை எழுதினார். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை இந்திய மொழிகளுக்காக அமைத்தது.

இதனால் நமக்கு என்ன பயன்? 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. நம் வீடுகளில் அக்காக்கள் பெற்ற அக்கணினிகள் பல, வேகம் குறைந்து பரணில் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் இருந்த பழைய மடிக்கணினியில், எங்கள் மன்றப் பொறுப்பாசிரியையின் உதவியுடன் இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினோம். ஐந்து நிமிடம் திறக்காமல் முரண்டு பிடித்தது, இப்போது ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. அதில் கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ், தங்கை படம் வரைய டக்ஸ் பெயின்ட், நிரல் எழுதிப் பழக ஸ்கிராட்ச் ஆகியவை உள்ளன. ஒன்றுக்கும் காசு கொடுக்கவில்லை. ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாத நேரத்திலும் இவை வேலை செய்யும். மழைக்காலத்தில் மின்சாரமும் கோபுரமும் ஒருங்கே நின்றுவிடும் நம் ஊருக்கு இது பெரும் வரம்.

தமிழில் தட்டெழுதுவதும் எளிதே. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளைப் பழகினால் 247 எழுத்துகளும் வந்துவிடும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ என்று திரையில் எழும். இடையிலுள்ள புள்ளியை மென்பொருளே வைத்துக்கொள்கிறது.

வலைக்குள் வலை

மீன் விற்ற பணம் இன்று கைபேசியிலேயே வருகிறது. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறை நம் ஏலக்கரை வரை வந்துவிட்டது. நம் அன்னையர் கூடையின் மேல் சதுரக் குறியீட்டு அட்டையை வைத்து விற்பதைக் காண்கிறோம். வசதி பெருகிய இடத்தில் வஞ்சகமும் வரும். ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்லித்தர வேண்டியவை சில உண்டு.

பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. கொடுப்பதற்கு மட்டுமே தட்ட வேண்டும். “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், எண்ணைத் தட்டுங்கள்” என்று எவரேனும் சொன்னால் அது ஏமாற்று. ஒருமுறைக் கடவு எண்ணை வங்கியிலிருந்து எவரும் கேட்க மாட்டார்கள். நிவாரணப் பணம் வந்திருக்கிறது என்று இணைப்பு அனுப்பினால் அதைத் திறக்கலாகாது; தடைக்கால உதவித் தொகையும் புயல் நிவாரணமும் வரும் பருவத்தில் இத்தகைய வலைகள் மிகுதியாக வீசப்படுகின்றன. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

மாணவியர் தம் படங்களையும் வீட்டு முகவரியையும் அறியாதவருக்கு அனுப்பலாகாது. எவரேனும் அச்சுறுத்தினால் அன்னையிடமோ ஆசிரியையிடமோ அன்றே சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் சொல்லத் தயங்கினால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் உண்டு.

வீட்டுக்குள் ஒரு பாடு

கடைசியாக, பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நம் குப்பங்களில் பல வீடுகளில் கைபேசி ஒன்றே. அப்பா கடலுக்குப் போகையில் அதை நெகிழி உறையில் கட்டி எடுத்துச் செல்வார். அது நியாயமே, அவருக்கு அது உயிர்க்காப்பு. கரைக்கு வந்தபின் அது பெரும்பாலும் அண்ணன், தம்பி கைக்குப் போகிறது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைபேசிக்கு வந்தபோது, அடுப்படி வேலை முடித்துப் பெண் வந்து கேட்பதற்குள் அன்றைய அளவு தீர்ந்துபோன வீடுகள் உண்டு. கல்வித் தொலைக்காட்சி அப்போது ஓரளவு கைகொடுத்தது.

ஏரியின் பாட்டில் ஆண் தலைக்கட்டுகளுக்குத்தான் பங்கு என்பது பழைய ஏற்பாடு. இணையப் பாட்டிலும் அவ்வாறே இருக்க வேண்டுமா? வீட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, இன்னாருக்கு இன்ன நேரம் என்று எழுதினால் போதும். எங்கள் வீட்டில் அவ்வாறு எழுதியிருக்கிறோம். விடியற்காலை அரை மணி எனக்கு. மாலை அரை மணி தம்பிக்கு. இரவு, சிங்கப்பூரில் இருக்கும் மாமாவோடு பேச அம்மாவுக்கு. எழுதத் தயங்கும் அம்மா குரல் செய்தி அனுப்பக் கற்றுக்கொண்டார். சீட்டு முறையில் வளர்ந்த ஊராதலால் இத்தாளை எவரும் மீறுவதில்லை!

முடிவுரை

இணையம் நன்மையா தீமையா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. வலை மீனையும் கொணரும், குப்பையையும் கொணரும். பிரித்தெடுப்பது கையின் வேலை. ஆழ்கடலிலிருக்கும் தந்தைக்கு எச்சரிக்கை எட்டுவதும், கரையிலிருக்கும் மகளுக்குப் பாடம் எட்டுவதும் ஒரே வலையின் இரு கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் தைக்க வேண்டியவர்கள் நாமே. தோழியரே, வலை தைக்கும் விரல்கள் நம் குடும்பச் சொத்து. அவ்விரல்களால் விசைப்பலகையையும் பழகுவோம். நமக்கான செயலியை நம் தமிழில் நாமே எழுதும் நாளும் வரட்டும். எங்கள் கணினி மன்றம் வெள்ளிதோறும் பள்ளி முடிந்தபின் கூடுகிறது. புதிய உறுப்பினரை அன்புடன் வரவேற்கிறோம்.